ஈயம் உருக்கிய சனிக்கிழமைகள்

என் கணவர் துணி துவைத்தார் என்பதை இரண்டாம் மாடிக்காரி சொல்லித்தான் அறிந்தேன். மாடிப்படியில் என்னை மறித்து, "சனிக்கிழமை என்னுடைய சலவை நாள். உங்கள் கணவர் இயந்திரத்தை எடுத்துவிட்டார்" என்றாள். எங்கள் கட்டிடத்தில் எட்டு வீடு, கீழே ஒரே சலவை அறை. எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று கதவில் ஒட்டியிருக்கும். அந்தத் தாளை மீறுவது இந்த ஊரில் சின்ன விஷயமில்லை. கைகூப்பாத குறையாக மன்னிப்புக் கேட்டுவிட்டு மேலே வந்தேன். கதவைத் திறக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறு வருடத்தில் ஒரு காலுறையைக்கூடத் துவைக்காத மனிதர், அடுத்தவளுடைய நாளைக் களவெடுத்துத் துவைக்கிறார் என்றால் அந்த உடுப்பில் என்னதான் இருந்தது?

நான் சந்தேகக்காரிதான், மறைக்கவில்லை. சுவிற்சர்லாந்திலேயே பிறந்து, பாடன் நகரத்தில் வளர்ந்தவள். முதியோர் இல்லத்தில் தாதி வேலை. மாத்திரையை விழுங்கிவிட்டேன் என்று சொல்கிறவரின் நாக்கைத் தூக்கிப் பார்த்துப் பார்த்தே பத்து வருடம் போயிருக்கிறது. என் கணவர் யாழ்ப்பாணத்துக் கடற்கரை ஊர்க்காரர். கலியாணத்துக்குப் பிறகு இங்கே வந்தார். எங்கடின் மலைப் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை கிடைத்ததால் இருவரும் மலைக்குக் குடிவந்தோம். பனி கரையும் காலத்தில் ஹோட்டலைப் பூட்டிவிடுவார்கள். ஏப்ரல் முடிவிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை அவருக்கு வேலையில்லை, எனக்கு உண்டு. ஆளை வீட்டில் விட்டுவிட்டுப் போவது எனக்கு எப்போதுமே கலக்கம்தான்.

அந்த வசந்தத்தில் கலக்கம் இரண்டு மடங்கு. அவருக்குச் சுவிஸ் குடியுரிமை கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தோம். நான் சுவிஸ்காரி என்பதால் அவருக்குக் கொஞ்சம் சுலபமான வழி. ஆனால் சுலபம் என்பது தாளில்தான். பொலிஸ் சான்றிதழ், வரிச் சான்றிதழ், மொழிப் பரீட்சை, இவரை எங்களுக்குத் தெரியும் என்று எழுதிக் கொடுக்கச் சிலர், கடைசியில் கணவன் மனைவி இருவரையும் இருத்தி ஒரு விசாரணை. விசா புதுப்பிக்கும் கடிதம் வரும் ஒவ்வொரு முறையும் அவர் அதை உடைக்காமல் மேசையில் வைத்துவிட்டு என் வருகைக்காகக் காத்திருப்பார். அந்தக் கடிதத்துக்குப் பயப்படாமல் ஒரு நாளாவது அவர் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை முழுவதும். ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தால் போதும், எல்லாம் போய்விடும்.

"சனிக்கிழமையிலை எங்கை போறியள்?" என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"சும்மா நடக்கப் போறனப்பா. ஆத்தங்கரையாலை."

"உடுப்புத் தோய்ச்சனீங்களாம்?"

"சேறு பட்டுப்போச்சு" என்றார். பொய். அவருடைய சப்பாத்து வாசலில்தான் கிடந்தது. அதில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

பாடனில் இருக்கும் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அக்கா எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதில் கெட்டிக்காரி. "வந்த உடனை குளிக்கிறாரோ?" என்று கேட்டாள்.

"ஓம் அக்கா. சப்பாத்தைக் கழட்டின கையோடை நேரா குளியலறைதான்."

"அப்ப வேறை என்ன வேணும் உனக்கு? வேறை மணம் ஏதும் இருந்திருக்கும். நீ இன்னும் பச்சைப் பிள்ளை மாதிரி இருக்கிறாய்."

"சும்மா இரு அக்கா, விசர்க்கதை கதைக்காதை" என்று வைத்துவிட்டேன். வைத்த உடனே போய் அவருடைய ஜாக்கெட்டை மணந்து பார்த்தேன். பெண் மணமில்லை. எரிந்த மெழுகும் இரும்பும் கலந்ததுபோல ஒரு வாடை. உள் பையில் சமையல் தாளில் சுற்றி ஏழு உருண்டைகள் இருந்தன. சாம்பல் நிறம், நெல்லிக்காயை விடச் சின்னது, கையில் எடுத்தால் எதிர்பாராத பாரம். எட்டாவது ஒன்று உருண்டையாக இல்லை. விரல் நுனி போல நீண்டு, பின்பக்கம் குழிவாக இருந்தது. அதைப் பார்த்ததும் என்னவென்று விளங்கிவிட்டது. நான் போரைப் பார்த்தவள் இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் வளர்ந்த எவருக்கும் குண்டு எது, குண்டுமணி எது என்று தெரியும்.

ஒரு நல்ல மனைவி அந்த ஏழையும் எட்டாவதையும் மேசையில் பரப்பிவைத்து, இது என்ன என்று கேட்டிருப்பாள். நான் திரும்பவும் அதே தாளில், அதே மடிப்பில் சுற்றி, அதே பையில் வைத்தேன். கேட்டால் இன்னொரு பொய் சொல்லுவார், பிறகு கவனமாகிவிடுவார். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமைகளில் வேலை மாற்றிக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை. காலையில் வேலை உடுப்புப் பையோடு புறப்பட்டு, ரயில் நிலையத்துக் கழிவறையில் பச்சை ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தேன்.

அவர் ஆற்றங்கரைப் பக்கம் திரும்பவே இல்லை. மர அரிவு ஆலையைத் தாண்டி ஒரு பழைய கொட்டிலுக்குள் போனார். உள்ளே ஹோட்டலின் பராமரிப்புக்காரர் இருந்தார். குழாய், கதவு, சூடேற்றி எல்லாம் திருத்துகிறவர், அறுபது வயதிருக்கும், செப்டம்பரில் மானுக்குப் போகிற வேட்டைக்காரர். ஜெர்மனை மெதுவாகப் பேசுவார் என்பதால் என் கணவருக்கு அந்த ஹோட்டலிலேயே அவரைத்தான் பிடிக்கும். நான் பின்பக்கப் பலகை இடைவெளியில் கண்ணை வைத்தேன். பெண் இல்லை என்று கண்டதும் ஒரு நிம்மதி வந்தது. அரை நிமிடம்கூட அது நிற்கவில்லை.

காஸ் அடுப்பில் ஒரு இரும்புச் சட்டி. அதற்குள் பழைய கார்ச் சக்கரங்களில் ஒட்டும் ஈயத் துண்டுகள் உருகிக்கொண்டிருந்தன. என் கணவர் தேய்ந்த கரண்டியால் மேலே படரும் சாம்பல் ஆடையை வழித்து எறிந்தார். வேட்டைக்காரர் கத்திரிக்கோல் மாதிரித் திறந்து மூடும் ஒரு அச்சைப் பிடித்திருக்க, இவர் ஊற்றினார். முதலில் வந்த நாலைந்து உருண்டை சுருங்கிப்போயிருந்தன. "அச்சு இன்னும் குளிர்" என்று சொல்லி என் கணவர் அவற்றைத் திரும்பச் சட்டிக்குள் போட்டார். சொன்ன விதத்தில் எனக்கு ஆச்சரியம். வீட்டில் ஒரு பல்பு மாற்றச் சொன்னால் நாலு நாள் எடுக்கும் ஆள்! ஊரில் வலைக்கு ஈயம் வார்த்தவர் என்பது அப்போதுதான் நினைவு வந்தது.

கதை எனக்குப் பலகை இடுக்கால் துண்டு துண்டாகக் கேட்டது. வேட்டைக்காரரின் பாட்டன் விட்டுப்போன ஒரு பழைய வேட்டைத் துவக்கு. குழலின் உள்ளே வரி எதுவும் வெட்டாமல் வழுவழு என்றிருக்கும். சிதறும் சின்னக் குண்டுக்குச் செய்தது அது. அந்தத் துவக்கால், வீட்டில் வார்த்த ஒற்றை உருண்டையைப் போட்டு, எண்பது காலடி தூரத்தில் ஒரு கலைமானை விழுத்தினேன் என்று பாட்டன் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். "என் பாட்டன் பொய்யன் என்றுதான் நான் நினைக்கிறேன். அதைச் சுட்டுப் பார்த்தால் தெரியும்" என்றார் வேட்டைக்காரர். செத்துப்போன பாட்டனையே நம்பாத மனிதர். எனக்கு அவரைச் சற்றுப் பிடித்துக்கூடப் போயிற்று.

அவருக்கு எதிலும் நம்பிக்கையில்லை. ஆறிய ஒவ்வொரு உருண்டையையும் கண்ணாடித் துண்டில் உருட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் சாய்ந்து ஓடினால் உள்ளே காற்றுக் குமிழி இருக்கிறதென்று ஒதுக்கினார். மிச்சத்தைச் சமையல் தராசில் நிறுத்தார். பிறகு இருவரும் காட்டோரம் கிராமத்தின் சுடுகளத்துக்குப் போனார்கள். நான் பாதையை விட்டு விலகி, களத்தின் ஓரத்தில் அடுக்கியிருந்த விறகுக்குப் பின்னால் நின்றேன். தோட்டாவை வேட்டைக்காரரே அடைத்தார், அதை வேறு எவரையும் தொடவிடவில்லை. முதல் வெடிக்கு நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். முப்பது காலடியில் வைத்த குறிக் கடதாசியில் உருண்டைகள் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கின. எண்பதில் ஒன்று நடுவில், அடுத்தது கடதாசிக்கே வெளியில். பின்பக்கம் குழிந்த நீளக் குண்டு கொஞ்சம் நேராகப் போயிற்று, ஆனால் இரண்டுக்கு ஒன்று பல்டியடித்து, கடதாசியில் பக்கவாட்டாகச் சாவித் துவாரம் மாதிரி ஓட்டை போட்டது. இருவரும் கடதாசிக்கு முன்னால் குனிந்து நின்று மண்டையைச் சொறிந்தார்கள்.

பிறகு அவர் துவக்கை என் கணவரிடம் நீட்டினார். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். வாங்கிவிட்டார். மூன்று முறை சுட்டார். மூன்றும் கடதாசியில் பட்டன. வேட்டைக்காரர் அவர் முதுகில் தட்டினார். என் கணவர் சிரித்தார். வாய் முழுவதும் திறந்த அப்படிப்பட்ட சிரிப்பை நான் வீட்டில் கண்டதில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது, சொல்ல வெட்கமில்லை.

அன்று பின்னேரம் கைபேசியில் சட்டத்தைத் தேடிப் படித்தேன். பாதி விளங்கவில்லை. விளங்கிய பாதி போதுமாக இருந்தது. சில நாட்டுக் குடிமக்கள் இங்கே ஆயுதம், தோட்டா எதையும் வைத்திருக்கவும் கூடாது, சுடவும் கூடாது. அந்தப் பட்டியலில் இலங்கையும் இருந்தது. என் கையிலிருக்கும் சிவப்புப் பாஸ்போட்டுக்கு இந்தத் தடை இல்லை. அவருக்கு உண்டு. வேட்டைக்காரருக்கு அது தெரிந்திருக்காது. இங்கே பிறந்தவர்களில் யாருக்குத்தான் தெரியும்? இவருக்கும் தெரிந்திருக்காது. தெரிந்தவள் நான் ஒருத்தி.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். கோதாரி, திறக்கவில்லை. திறந்தால் பின்னால் போனதைச் சொல்ல வேண்டும். அதோடு, அவராகவே சொல்லட்டும் என்ற பிடிவாதம். "பாஸ்போட் கிடைக்கும்வரை ஒண்டுக்குள்ளையும் தலையைப் போடாதேங்கோ" என்று சோறு போடும்போது சொன்னேன்.

"நான் என்னத்துக்குள்ளை தலையைப் போடுறன்? நடக்கிறதுக்கும் பேமிட் வேணுமோ?" என்று சிரித்தார்.

அடுத்த சனியும் அதற்கடுத்த சனியும் நான் விறகடுக்குக்குப் பின்னால் நின்றேன். ஒரு நாள் மழை. இன்று சொல்லுவார், இன்று சொல்லுவார் என்று ஒவ்வொரு சனியும் அவர் குளித்து முடித்து வெளியே வரும்வரை காத்திருந்தேன். அவர் ஆற்றில் தண்ணீர் கூடிவிட்டது என்று சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பொய்களை ஒவ்வொன்றாக நான் மனதுக்குள் சேர்த்துவைத்தேன்.

ஜூன் தொடக்கத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மலையிறங்கி இரண்டு மணி நேர ரயில். அதிகாரி ஐம்பது வயதுப் பெண், கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். எப்படிச் சந்தித்தீர்கள், யார் சமைப்பது, ஊரில் யாரோடு பழக்கம் என்று நல்ல மாதிரித்தான் கேட்டுக்கொண்டு போனார். பிறகு ஒரு கடிதத்தை எடுத்தார். "உங்கள் ஹோட்டல் பராமரிப்பாளர் உங்களைப் பற்றி மிக நன்றாக எழுதியிருக்கிறார்" என்று சொல்லி வாசித்தார். "இவரைப் போல எங்கள் கிராமத்தோடு ஒட்டிய வெளிநாட்டவரை நான் கண்டதில்லை. சனிக்கிழமைகளில் சேர்ந்து ஈயம் உருக்கி, குண்டு வார்த்து, என் பாட்டனின் துவக்கில் சுட்டுப் பார்க்கிறோம். என்னை விட நன்றாகச் சுடுகிறார்."

அந்த நல்ல மனிதர் எங்களுக்கு உதவி செய்கிறேன் என்று எழுதிய கடிதம் அது. வாசிக்க வாசிக்க அதிகாரியின் குரல் இறங்கிக்கொண்டு போயிற்று. கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கள் இன்னும் இலங்கைக் குடிமகன். உங்களுக்கு இதற்கு அனுமதியில்லை. தெரியுமா?" என்று அவரைப் பார்த்துக் கேட்டார்.

என் கணவரின் முகம் வெளுத்துவிட்டது. வாயைத் திறந்தார். அவரை எனக்குத் தெரியும். என்னிடம்தான் பொய் சொல்வார், சீருடைக்கும் மேசைக்கும் முன்னால் அவருக்குப் பொய் வராது. "சுட்டேன்" என்று ஒரு சொல் வந்தால் கதை முடிந்தது. அவர் சொல்லுமுன் நான் சொன்னேன்.

"அது நான். வார்த்ததும் நான், சுட்டதும் நான். என் கணவர் பை தூக்கிக்கொண்டு வருவார். கடிதம் அவருக்காக எழுதியது, அதனால் எல்லாவற்றையும் அவர் பெயரில் போட்டுவிட்டார்."

அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களா? அப்படியென்றால் எப்படி வார்ப்பீர்கள்?"

சொன்னேன். கார்ச் சக்கர ஈயத்தைச் சொன்னேன். வழித்து எறியும் ஆடை, குளிர்ந்த அச்சில் சுருங்கும் முதல் உருண்டைகள், கண்ணாடியில் உருட்டுவது, சமையல் தராசு. முப்பது காலடியில் உள்ளங்கை, எண்பதில் ஒன்று நடுவில், ஒன்று வெளியில். பல்டியடித்த நீளக் குண்டு போட்ட ஓட்டையின் வடிவம். மழை பெய்த சனிக்கிழமை கடதாசி ஊறிக் கிழிந்தது. ஒன்றையும் விடவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது. பக்கத்தில் என் கணவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்ப்பது தெரிந்தது. நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

"ஒரு நிமிடம்" என்று அதிகாரி தொலைபேசியை எடுத்து, வேட்டைக்காரரை அழைத்து, எங்களுக்கும் கேட்கும்படி வைத்தார். அவரிடம் நாங்கள் ஒன்றும் சொல்லிவைத்திருக்கவில்லையே.

"உங்கள் கடிதம் பற்றி. சுடுகளத்துக்கு மனைவியும் வருவாரா?"

மறுபக்கத்தில் அந்த மெதுவான ஜெர்மன். "வருவார். மூன்று சனிக்கிழமையும் வந்தார். பச்சை ஜாக்கெட். விறகடுக்குக்குப் பின்னால் நிற்பார், மழை பெய்தபோதும் நின்றார். முதலில் கொட்டிலுக்குப் பின்னாலும் நிற்பார். கூச்சப்படுகிறார் என்று நான் கூப்பிடவில்லை."

பச்சை ஜாக்கெட் என் கதிரையின் முதுகில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதிகாரி அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "துவக்கைச் சுட்டது யார்?" என்று கேட்டார்.

"துவக்கு என்னுடையது. யார் சுட்டாலும் பொறுப்பு என்னுடையது. ஏன், ஏதாவது பிழையா?"

பட்டியலைப் பற்றி அதிகாரி சொன்னார். மறுபக்கத்தில் அவர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னது எங்களுக்கும் கேட்டது. தனக்கு அது தெரியாது என்றார். அதிகாரி தொலைபேசியை வைத்துவிட்டு நெடுநேரம் எதையோ எழுதினார். பிறகு என் கணவரிடம், "பாஸ்போட் கைக்கு வரும்வரை பை தூக்கவும் போகாதீர்கள்" என்றார். அவர் எங்களை நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். ஏன் விட்டார் என்று இன்றுவரை தெரியாது.

வெளியே வந்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவருடைய கையைப் பிடித்தேன். பிடிக்கவிட்டார், அவ்வளவுதான். ரயில் ஏறி முதல் சுரங்கத்தைக் கடந்தோம்.

"விறகுக்குப் பின்னாலையோ?" என்றார்.

"நீங்கள் பொய் சொன்னனீங்கள். ஆத்தங்கரை எண்டனீங்கள்."

"ஓம், சொன்னனான். துவக்கெண்டால் நீர் பதறுவீர் எண்டு சொல்லேல்லை. ஈயத்தூள் நஞ்சு, உடம்போடை வீட்டுக்கு வரக்கூடாதெண்டு வேட்டைக்காரர் சொன்னதாலை குளிச்சனான், தோய்ச்சனான். நீர் ஒருக்கா அதட்டிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். மூண்டு கிழமையப்பா. மூண்டு கிழமை நிண்டு பாத்திருக்கிறீர்."

"நான் பாத்தபடியால்தானே இண்டைக்குத் தப்பினீங்கள்!" என்று குரலை உயர்த்தினேன். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "ஊரிலை எங்கடை வேலிக்கு அங்காலை ஒருத்தன் நிண்டவன். ஒரு வருசம். நாங்கள் எத்தினை மணிக்கு வெளிக்கிடுறம், ஆர் வாறது, ஆர் போறது, எல்லாம் பாப்பான். ஒண்டும் கேக்கமாட்டான். ஒருநாள் ஆமிக்காரர் என்னைக் கூட்டிக்கொண்டு போய் இருத்தினாங்கள். எல்லாத்தையும் எனக்கே வாசிச்சுக் காட்டினாங்கள். இண்டைக்கு நீர் சொன்ன மாதிரித்தான், ஒண்டும் விடாமல்." யன்னலுக்கு வெளியே பார்த்தார். "இஞ்சை ஒருத்தரும் என்னைப் பாக்கிறேல்லை எண்டுதான் நான் நித்திரை கொண்டனான்."

மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்று சொன்னேன். ஓம் என்றார். கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அடுத்த வருடம் பாஸ்போட் வந்தது. அக்கா பாடனிலிருந்து கேக்கோடு வந்தாள். அவர் எல்லோரோடும் நின்று சிரித்துப் படம் எடுத்தார். இப்போது அவருக்குச் சட்டத் தடை ஒன்றுமில்லை, சனிக்கிழமைகளில் வேட்டைக்காரரோடு போகிறார். பாட்டன் பொய்யனா என்று அவர்களுக்கு இன்னும் முடிவு தெரியவில்லை.

போகுமுன் வாசலில் நின்று என்னிடம் சொல்கிறார். எங்கே போகிறேன், யாரோடு, எந்தப் பாதையால், எத்தனை மணிக்குத் திரும்புவேன். நான் ஒன்றும் கேட்பதில்லை. தேவையில்லையப்பா, போட்டு வாங்கோ என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். அவர் கைகளைத் தொங்கவிட்டு, ஊரில் சென்றிச் சாவடியில் மறிக்கும் ஆமிக்காரனுக்குச் சொல்வதுபோல, எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, நான் தலையாட்டும்வரை நிற்கிறார்.